பலகையைத் தூக்கியவள்

1

"உன்னை யாருக்கா அந்தப் பலகையைத் தூக்கச் சொன்னது?"

"நாத்தம் வந்துச்சு, அதான் தூக்கி—"

"நம்ம தெருவுல வராத நாத்தமா? நாலு தேர்தலா உனக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடா ஏறி—"

"நெய்டி, கத்தாத, பஸ்ல எல்லாரும்—"

"கேக்கட்டும்!"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. நான் பின்னிருக்கையில் இருந்தேன். குரல்கள் முதலில் வந்தன. முகங்கள், ஊர், நியாயம் எல்லாம் பிறகுதான்.

2

முறையாகத் தொடங்கிப் பார்த்தேன்: "தென் பிரேசிலின் ஒரு நகரத்தில், பேருந்து நடத்துநராக இருந்து நகர்மன்றத்துக்குப் போன இடதுசாரி வீராங்கனை ஜுரேமா, ஏழைகளின்..."

(வேண்டாம். சிலைக்கு அடியில் பொறிக்கிற வாசகம். அவளுக்குச் சிலை வைத்தால், "இந்த இடத்துல ஒரு குடிதண்ணிக் குழாய் வெச்சிருக்கலாமே" என்பாள்.)

எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு என்ன வேலை என்பதைக் குடியிருப்புப் பிரதிநிதிகள் கை தூக்கி முடிவு செய்கிறோம். அதற்கு முன் எல்லாரும் ஒரே பேருந்தில் ஏறி, ஒருவர் தெருவை ஒருவர் பார்த்தாக வேண்டும். அந்த விதிக்காக மன்றத்தில் மூன்று வருடம் மல்லுக்கட்டியவள் ஜுரேமா. "பாக்காம கை தூக்கக் கூடாது", அவ்வளவுதான் அவள் வாதம்.

இந்த வருடம் ஒரே ஒரு வேலைக்குத்தான் நகராட்சியில் பணம். மேட்டுத்தெருவுக்குப் படிக்கட்டு, இல்லையென்றால் ஆற்றோரத்துக்குச் சாக்கடைக் குழாய். மேட்டுத்தெரு ஜுரேமா பிறந்த தெரு. அதன் பிரதிநிதி அவள் தங்கை நெய்டி. நெய்டியின் கணவன் அடாவுட்டோவுக்கு ஒரு காலை எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போக, சேற்றுச் சரிவில் நாலு பேர் அவனை நாற்காலியோடு இறக்குகிறார்கள்.

3

அந்தச் சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பேருந்து ஆற்றோரத்தில் நின்றது. ஆற்றோரத்துக்காரர்கள், விருந்தாளிகள் வருகிறார்களே என்று, தெருவைக் கழுவி, திறந்த சாக்கடையைப் பலகைகளால் மூடி, மேலே மேசை போட்டுக் காபியும் சோளக் கேக்கும் வைத்துவிட்டார்கள்.

"எவ்ளோ சுத்தம்! இவங்களுக்கு எதுக்குக் குழாய்?" நெய்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

[இங்கே "ஜுரேமா தயங்கினாள்" என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் தயங்கியதை நான் பார்க்கவில்லை.]

"டோனா செலெஸ்டே, கேக் பிரமாதம். மேசையைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" ஜுரேமா கேட்டது, கேக் சுட்டுவைத்த அம்மாளிடம்.

"ஐயோ வேணாம் கண்ணு, வந்தவங்க முன்னாடி அசிங்கம்."

"அசிங்கம் உங்களுது இல்லம்மா, நகராட்சியோடது. நானும் அதுலதானே இருக்கேன்?"

மேசையை நகர்த்திப் பலகையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு யாரும் கேக்கை மெல்லவில்லை.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மேட்டுத்தெரு அடுத்த தேர்தலில் ஜுரேமாவைக் கைவிடுகிறது. (நடக்கும். அவளுக்கும் தெரியும்.)

இன்னொன்று: அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழு... (தொலைக்காட்சித் தொடர்.)

மூன்றாவதில் நகராட்சி இரண்டையும் கட்டித் தருகிறது. இதைப் படித்தால் ஜுரேமாவே சிரிப்பாள்.

ஆகவே, அன்று கை தூக்கக் கூடிய பள்ளிக்கூட மண்டபத்தில் நான் கேட்டது வரை சொல்கிறேன், மிச்சம் உங்களுடையது. இருபது கை படிக்கட்டுக்கு, இருபது கை குழாய்க்கு. (என் கை குழாய்க்கு உயர்ந்திருந்தது, என்னை நடுநிலை என்று நம்பிவிடாதீர்கள்.) நெய்டி மட்டும் இன்னும் தூக்கவில்லை. மன்ற உறுப்பினருக்கு இங்கே ஓட்டு கிடையாது. அந்த விதியும் ஜுரேமா கொண்டுவந்ததுதான். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். நெய்டி திரும்பினாள்.

"ஆத்தோரத்துக்கே கை தூக்கறேன்னு வெச்சுக்க. அடாவுட்டோகிட்ட நீ வந்து சொல்றியாக்கா, இல்ல நானே சொல்லட்டுமா?"