ஒருவருடைய ரத்தம்

ஆய்வுக்கூடத்தில் அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, கசக்கிவிட்டு, மறுபடி குனிந்து பார்த்தாள். உடம்பின் காவல் அணுக்களைப் புற்றுநோய் பிரேக் போட்டு நிறுத்திவிடும். அந்தப் பிரேக்கை விடுவிப்பதுதான் அவர்கள் சோதித்துவந்த ஆன்டிபாடி மருந்தின் வேலை. சோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருடைய ரத்தத்திலும் அது பலித்தது. அந்த ஒருவருடைய காவல் அணுக்கள் மேல் மருந்து ஒட்டியதுமே, கூட இருந்த விழுங்கணுக்கள் அவற்றை எதிரி என்று எண்ணி விழுங்கின. தன் கைத்தவறோ என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். விழுங்கத்தான் செய்தன.

"ஒருத்தரோட ரத்தம்தானே? நாளைக்குப் பணம் போட்டவங்க கூட்டத்துல காட்ட வேண்டாம்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மருந்தைத் திருத்தப் போனா எல்லாமே தள்ளிப்போகும். உங்க அக்காவும் இதுக்குத்தானே காத்திருக்காங்க?"

அது சுருக்கென்று தைத்தது. அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நுரையீரலில் கட்டி வந்து, முடியெல்லாம் கொட்டிய பிறகும், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மற்ற மருந்துகள் கைவிட்டுவிட்டன. மனிதர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கும்போது முதல் ஆட்களில் அவளும் ஒருத்தி.

மாலையில் தங்கையின் முகத்தைப் பார்த்தே அக்கா பிடித்துவிட்டாள். விளக்க ஆரம்பித்ததும், "பிரேக்கைப் பத்தி எனக்கே பாடமா?" என்று சிரித்தாள். முழுக்கக் கேட்டதும் சிரிப்பு நின்றது. இருமல் அடங்கும்வரை கையைக் காட்டித் தங்கையை நிறுத்திவைத்தாள்.

"அந்த ரத்தம் யாரோடது?"

"தெரியாதுக்கா. பேரைச் சொல்ல மாட்டாங்க."

"அவருக்கும் வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?"

"திருத்துறதுக்கு ரொம்ப நாளாகுமேக்கா. நீ..."

"எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. அதுக்காக என்னைச் சாக்கா வச்சு நீ தலையாட்டிட்டு வந்தே, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதே."

மறுநாள் கூட்ட அறையில், மருந்துக்குப் பணம் போட்டவர்களின் முன்னால், பச்சைச் சாயமேற்றிய அந்த ஒருவருடைய அணுக்களைத் திரையில் போட்டாள்.

"அடுத்த படத்துக்குப் போங்க," என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போக மாட்டேன் சார். இதை முதல்ல எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் எழுந்து கணினியை நோக்கி வந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள். திரைக்குப் போக வேண்டிய வெளிச்சம் பாதி அவள்மேல் விழுந்தது. அவளுடைய வெள்ளை மேலங்கியில், நெஞ்சிலும் தோளிலும், பச்சைப் பச்சையாய் அணுக்கள் மின்னின. கடைசி வரிசையில் யாரோ நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்கள்.