பின்வரிசைச் சிரிப்பு

அன்றைக்கு இரண்டாவது ஆட்டத்துக்கு மூன்று பஸ் கூட்டமும் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டது. வெளியே மழை. நூற்றிருபது பேரும் ஈர மழைக்கோட்டோடு பலகைப் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்ததில், நடனக்கூடம் முழுக்க நனைந்த பிளாஸ்டிக் வாடையும் நடுக்குழியில் எரியும் தேவதாரு விறகின் புகையும் கலந்து கிடந்தன. நான் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு, என் கணவர் எல்டனின் கால்சட்டைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். காலையில் பொத்தான் எட்டாமல், நாங்கள் எல்லோரும் ஆட்டத்துக்குப் போர்த்தும் போர்வையை மேலே போர்த்திக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். முதல் ஆட்டத்தில் மேளம் அடிக்கும்போது கால்சட்டை பாதி இடுப்புக்கு இறங்கியிருக்கிறது.

"மூச்ச உள்ள இழுங்க."

"காலைலருந்து இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

பதினைந்து கோடைகளாக இதே வேலை. மே முதல் செப்டம்பர் வரை சுற்றுலாக் கப்பல் வரும் நாளெல்லாம் ஆட்டம். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். எல்டன் மேளம். ஆடுகிறவர்கள் ஐந்து பேர், எல்லோரும் எங்களுக்கு ஏதோ ஒரு வகையில் உறவு. பேசுவது நான். வந்தவர்களை முன்னோர் பெயரைச் சொல்லி, எங்கள் பழங்குடி மொழியான ட்லிங்கிட்டில் முறையாக வரவேற்பேன். அதில் விளையாட்டு கிடையாது. அது முடிந்ததும் அதே மொழியில், அதே குரலில் இன்னும் நாலு வரி சொல்வேன். அது ஆடுகிறவர்களுக்காக. ஒரே பேச்சை நாளுக்கு நான்கு தடவை பேசுகிறவளுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க வேண்டாமா. கப்பலில் வந்தவர்கள் அதையும் பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். ஆடுகிறவர்கள் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்று நான் சொன்னது இது.

"மேளத்தோட நிக்கற இந்த மனுஷனப் பாருங்க. இவரு பிடிக்கற மீனவிட சொல்ற மீனுதான் எப்பவும் நீளம். இப்ப இவரு கால்சட்டை ஒரே ஒரு ஊக்குல நிக்குது. அது தெறிச்சா முன்வரிசைல இருக்கறவங்க கண்ணு போயிடும். நம்ம முன்னோருங்க அவங்களக் காப்பாத்தட்டும்."

முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணை மூடித் தலைகுனிந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் ஒரு குறட்டை, பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டு. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். பிரார்த்தனை நடக்கும்போது சிரிக்கிறாளே என்று.

எங்கள் மொழி புரிகிறவர்கள் இந்த ஊரிலேயே கொஞ்சம் பேர்தான். அத்தனை பேரின் வீட்டுக் கதவும் எனக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறங்கி வருகிறவர்களில் இதுவரை ஒருவர்கூட இருந்ததில்லை. ஆனால் நான் திகைத்து நின்றது அதற்காக இல்லை. அந்தக் குறட்டைச் சிரிப்பை எனக்குத் தெரியும். எங்கள் தம்பி சிரில் அப்படித்தான் சிரிப்பான். அவன் போய் ஒன்பது வருடமாகிறது. அவனைத் தவிர அப்படிச் சிரிக்கிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

நீலக் கோட்டு, ஓரத்து இருக்கை. தலையைக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தாள் என் அக்கா ஐடெல்லா.

மீன் டப்பா ஆலையில் வேலை செய்ய பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெனிக்னோ என்கிறவரைக் கட்டிக்கொண்டு, பத்தொன்பது வயதில் சியாட்டலுக்குப் போனவள். முதலில் வருடத்துக்கு ஒரு தடவை வந்தாள், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. அங்கே பிறந்த மகளை ஒரு தடவைகூடக் கூட்டி வந்ததில்லை. நான் கடைசியாகப் பார்த்து இருபத்திரண்டு வருடம். சிரில் அந்தக் குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தபோது மூன்று முறை அவளைக் கூப்பிட்டான். மகளுக்குப் பிரசவம், அது முடிந்ததும் வருகிறேன் என்றாள். அவன் காத்திருக்கவில்லை. அடக்கத்தன்று பனி. விமானம் இறங்கவில்லை. அதை நான் குற்றம் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. ஒரு வருடம் கழித்து அவனுக்கு நினைவு விருந்து. நாங்கள் காக்கைக் குலம். எங்களுக்காகக் குழி தோண்டியதும், சவப்பெட்டி செய்ததும், எங்களோடு உட்கார்ந்து அழுததும் எல்டனுடைய கழுகுக் குலத்தார். அவர்களுக்குச் சோறு போட்டு, கையில் பொருள் கொடுத்து, துக்கத்தை முடித்துவைக்க வேண்டியவர்கள் கூடப்பிறந்தவர்கள். விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது. "வெர்னா, நான் வரட்டுமா," என்றாள். வரட்டுமா என்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் விருந்துக்கு வரட்டுமா என்று கேட்பாளா ஒருத்தி. "உன் எடத்துல வேற ஆள உக்கார வச்சாச்சு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அது பொய். யாரையும் உட்கார வைக்கவில்லை. விருந்து நடந்த இரவும் பகலும் அவளுக்குப் போட்ட நாற்காலி வெறுமையாகவே கிடந்தது. இரண்டு குலத்தாரும் பார்த்தார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது நூற்றிருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஆங்கிலத்தில் காக்கை சூரியனைத் திருடிய கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"பின்வரிசைல நீலக் கோட்டு போட்டவளே," என்றேன், வரவேற்புரையின் அதே நீண்ட குரலில், எங்கள் மொழியில். "சொந்த வீட்டப் பாக்க டிக்கெட்டா எடுத்துக்கிட்டு வந்த?"

நாடா கட்டிய கை நின்றது. ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் சிலர் போனை உயர்த்திப் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

அவள் மெதுவாக எழுந்தாள். மெலிந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. அவள் பேசிய மொழி பத்தொன்பது வயதுப் பெண்ணுடையது. நடுவில் புழங்காமல் கிடந்ததால் ஒவ்வொரு சொல்லையும் தேடியெடுத்து வைத்தாள்.

"டிக்கெட் எடுத்தவள யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாதுல்ல."

எல்டன் மேளத்தை மெல்லத் தட்ட ஆரம்பித்தார். ஆட்டத்தில் இதுவும் ஒரு பகுதி என்று ஜனங்கள் நினைக்கட்டும் என்றுதான். நாற்பது வருடத்தில் அந்த மனிதர் எனக்காகச் செய்தவற்றில் அந்தத் தட்டலை நான் எதற்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"உன்ன யாரு போகச் சொன்னா?"

"நீதான். எடம் இல்லன்னியே."

"பொய் சொன்னேன்." என் குரல் இறங்கிவிட்டது. மேளத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று மறுபடி உயர்த்தினேன். "பொய் சொன்னேன்க்கா. காலியாத்தான் கெடந்துச்சு. ஒருத்தரையும் உக்கார விடல."

அவள் முன்னாலிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எந்தப் பக்கம் போட்டிருந்த?" என்றாள்.

"எனக்கு எடது பக்கம். சன்னலோரமா."

"அங்க குளிருமே."

"குளிருச்சு," என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். கைதட்டல் எழுந்தது. முன்வரிசைக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சூரியன் கதையை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கடைசிப் பாட்டுக்கு விருந்தினர்களையும் ஆட அழைப்பது வழக்கம். எல்டன் மேளத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஊக்கு ஏற்கெனவே தெறித்துவிட்டது என்று நடையிலேயே தெரிய, பின்வரிசைக்கு இரண்டு படி கீழே போய் நின்றார்.

"இறங்கி வாங்க மதினி. நான் இதுக்கு மேல ஏறினா மானம் போயிடும்."

அவள் இறங்கி வந்தாள். முழங்காலை மடக்கி, தோளை மட்டும் அசைத்து, எங்கள் பெண்கள் ஆடுகிறபடி ஆடினாள். கால் அரைத் தாளம் பிந்தியது. நானும் அவளோடு பிந்தினேன். வெளியே போகும்போது ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, நடுவில் நடந்த அந்தச் சடங்கு எதைப் பற்றியது என்று கேட்டார். குடும்பத்தைப் பற்றியது என்றேன்.

கப்பல் ஐந்து மணிக்கு. மீதி ஆட்டங்களை என் மாமன் மகளிடம் ஒப்படைத்துவிட்டு அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று, "சோறு இருக்கா?" என்றாள். சோற்றின் மேல் சால்மன் முட்டையும் கறுத்த கடல்பாசியும் போட்டு மீனெண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"மகதான் பொறந்த நாளைக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தா. எந்தெந்த ஊர்ல நிக்கும்னு பட்டியல் காட்டினா. மூணாவதா நம்ம ஊரு. அவகிட்ட இதுதான் என் ஊருன்னு சொல்லல. ஜூனோ நகரத்துப் பக்கம்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அவளயும் பேத்தியையும் திமிங்கலம் பாக்க அனுப்பிட்டு, பின்னாடி உக்காந்து உன்னப் பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்." இன்னொரு வாய் சாப்பிட்டாள். "உன் வீட்டுக்காரர் கால்சட்டைதான் கெடுத்துடுச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் தட்டைப் பார்த்தபடி கேட்டாள், "சிரில் கடைசில என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"திட்டினான். தினமும் மருந்து குடிச்சதும் உக்காந்து ஒரு மூச்சு திட்டுவான். நர்ஸ் யாரைன்னு கேட்டா, எங்க பெரியக்கா, அவ சிரிச்சா படகுல இருக்கறவனுக்குக் கேக்கும்னு பெருமையா சொல்வான்."

அவள் தலையாட்டினாள். கை சோற்றிலேயே இருந்தது. நான் அருகே போய் அவள் கோட்டைக் கழற்றிக் கணப்படுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டேன்.

நான்கு மணிக்கு எல்டன் வந்தார், வேறு கால்சட்டையில். வாசலிலேயே நின்றுகொண்டு, வழக்கத்துக்கு மாறாக, தொண்டையைச் செருமினார்.

"மதினி, அக்டோபர்ல எங்க குலத்து விருந்து. போன வருஷம் தவறின எங்க அண்ணனுக்கு. அழுததும் அடக்கம் பண்ணினதும் உங்க காக்கைங்க. நீங்க எங்க விருந்தாளி. இதுக்கு உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டியதில்ல. கூப்பிடறது நான்."

"நான் அழவும் இல்ல, அடக்கம் பண்ணவும் இல்லியே எல்டன்."

"வந்து சாப்பிட்டுக்கிட்டே அழுங்க. எங்க ஆளுங்க சமையலுக்கு அழுக தானா வரும்."

"பாக்கலாம்," என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

கப்பல்துறையில் அவள் மகள் மரிசெல் எட்டு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் தேடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தில் முதலில் நிம்மதி, பிறகு குழப்பம். பொத்தான்கள் பதித்த ஆட்டத்துப் போர்வையோடு ஒருத்தி தன் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு வருவதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எங்கம்மா போன? யாரு இது?"

ஐடெல்லா என் கையை விடவில்லை. சொல்வதற்கு ஐம்பது வருடம் இருந்தது, கப்பல் ஏணியை எடுக்க ஏழு நிமிடம் இருந்தது.

"உன் சின்னம்மா," என்றாள்.

மரிசெல் என்னையே பார்த்தாள். அந்த மூக்கு எங்கள் அம்மாவின் மூக்கு. தாய்வழிதான் எங்களுக்குக் குலம். அந்தப் பெண்ணும், அவள் கையைப் பிடித்திருந்த சின்னதும் காக்கைகள்தான். யாரும் சொல்லாததால் அவர்களுக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை. "திமிங்கலம் வந்துச்சா?" என்று சின்னவளிடம் கேட்டேன். "வால் மட்டும்," என்றாள். சீருடைக்காரர் கையைக் காட்டி அவசரப்படுத்தினார். அக்கா என் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். மீனெண்ணெய் வாசம். மரிசெல் நாலடி போய் நின்று திரும்பிப் பார்த்தாள். எதையோ கேட்கப் போகிறவள் மாதிரி இருந்தது. ஏணி அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

மழை விட்டிருந்தது. எல்டன் வண்டியில் உட்கார்ந்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. கப்பல் துறையை விட்டு அகன்று திரும்பத் தொடங்கியபோது அதன் பத்து மாடித் தடுப்புகளிலும் ஜனங்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோரும் வண்ண மழைக்கோட்டு. நீலமே நூறு இருக்கும். அதில் எது அவள் என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. போர்வை போர்த்திய ஒருத்தி கரையில் தனியாக நிற்பதைப் பார்த்து யாரோ கையசைத்தார். பக்கத்திலிருந்தவர் அசைத்தார். பிறகு மாடிமாடியாக, ஆயிரம் பேரும் அசைக்கத் தொடங்கினார்கள். நான் போர்வையிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தேன். மேல்மாடியின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒருவரையும் விட்டுவிடாமல், ஒவ்வொருவருக்காகக் கையசைத்துக்கொண்டே வந்தேன்.