ஷூ காயும்வரை

மழை விட்டதும் லோகாம்பாள் மேல்தட்டைப் பார்த்தாள். கோயில் வாசலில் அவள் நடத்தும் செருப்பு ஸ்டாண்டின் தகரக் கூரையில் புதிதாக ஒரு ஓட்டை. அதன் நேர் கீழே ஒரு ஜோடி கறுப்பு லெதர் ஷூ. எடுத்துச் சாய்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீராவது கொட்டியிருக்கும். உள்ளே சுருட்டி வைத்திருந்த சாக்ஸும் ஊறிப்போயிருந்தது.

டோக்கன் நாற்பத்தேழு. ஆளை நன்றாக நினைவிருந்தது. வெள்ளைச் சட்டை, முப்பது வயதிருக்கும். "ஆறு மணிக்குப் பொண்ணு பாக்கப் போறேன்மா, பத்திரமா வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தான். இப்போது மணி நாலரை. பிரதோஷக் கூட்டம் என்பதால் திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

மகள் பிரியதர்ஷினிக்குப் போன் போட்டாள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிரியா, ஈர சேஃப்டி ஷூவால் விரலிடுக்கில் புண் வந்ததிலிருந்து, ஷூ காயவைக்கிற மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அன்று அவளுக்கு லீவு.

"அந்த மெஷின எடுத்துக்கினு ஓடியாடி. முடி காயவெப்பியே, அதையும் எடுத்துக்கோ."

"அது வேணாம்மா. அந்தச் சூட்டுல லெதர் வெடிச்சிடும், பசை வுட்டுடும்."

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். லேஸை உருவி, உள்ளட்டையைத் தனியே எடுத்து, பழைய துணியால் ஷூவின் உட்புறத்தை ஒற்றி எடுத்தாள். மெஷினின் வளையும் இரண்டு குழாய்களையும் விரல் பகுதிவரை நுழைத்து சுவிட்சைப் போட்டாள். மெல்லிய இரைச்சல் கேட்டது.

லோகாம்பாள் கையை வைத்துப் பார்த்தாள். "இன்னாடி, சுடவே இல்ல?"

"உள்ள சின்ன கம்பிச்சுருள் இருக்குதும்மா. அது காத்த வெதுவெதுன்னு ஆக்கும். ஃபேன் அத ஷூ மொனை வரைக்கும் தள்ளும். காத்து ஈரத்த வாங்கிக்கினு வெளிய வந்துடும். அவ்ளோதான்."

லோகாம்பாள் ஈர சாக்ஸை ஷூவின் வாய்மேல் விரித்தாள். பிரியா பிடுங்கிவிட்டாள். "காத்து வெளிய வர வழிய அடைச்சா மெஷின் சூடேறிப் பூடும்மா."

சாக்ஸ் காய்கிற வரையில் காத்திருக்க முடியாது. லோகாம்பாள் எதிர்க்கடைக்கு ஓடிப்போய்ப் புது சாக்ஸ் வாங்கி வந்தாள். கோபுர வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். வெள்ளைச் சட்டை எது தெரிந்தாலும் எட்டி முகத்தைப் பார்த்தாள். கவனமில்லாமல் ஒரு அம்மாவுக்கு யாருடைய செருப்பையோ எடுத்துக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஷூ வரும்போதே நனைந்துதான் இருந்தது என்று சொல்லிவிட்டால் என்ன? ஆனால் அவன் வந்தபோது மழையே இல்லை.

ஐந்தே காலுக்கு கரண்டு போனது. இரைச்சல் நின்றதும் அவள் ஓடி வந்து சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எட்டு நிமிடம் கழித்துத்தான் கரண்டு வந்தது.

"தொட்டுப் பாருடி."

"இப்பதானேம்மா பாத்தேன்!"

ஐந்து முப்பத்தைந்துக்கு அவன் நெற்றியில் திருநீறோடு வந்து டோக்கனை நீட்டினான். லோகாம்பாளுக்கு மனசுக்குள் கட்டி வைத்திருந்த பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"கூரை ஒழுகி உங்க ஷூ நனஞ்சிடுச்சு சார். என் தப்புதான். பத்து நிமிஷம் குடுங்க."

அவன் குழாய் சொருகிய ஷூவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னிக்குன்னு பாத்தா?" பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. "தினகரன்தாம்மா. வந்துக்கினே இருக்கேன்" என்று சொல்லி வைத்தவன், பிரியாவிடம் கடுகடுப்பாகக் கேட்டான். "நிஜமா காஞ்சிடுமா?"

"முழுசா காய இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும் சார். இப்ப தண்ணி இல்ல, சில்லுனு மட்டும் இருக்கும். ராத்திரி ஷூ நாக்கத் தூக்கிவுட்டு ஃபேன் கீழ வைங்க. நாளைக்கு வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்க."

பத்து நிமிடமும் அவன் நின்றுகொண்டே இருந்தான். பிரியா உள்ளட்டையையும் லேஸையும் திரும்பப் போட்டுக் கொடுத்ததும், புது சாக்ஸைப் போட்டு, ஷூவை மாட்டி நாலடி நடந்தான். சளக்கென்று எந்தச் சத்தமும் இல்லை.

"பரவால்ல" என்றான், ஆட்டோவைக் கைகாட்டிக்கொண்டே.

ஆட்டோ திரும்பி மறைந்த பிறகும் லோகாம்பாளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

"பொண்ணு வூட்ல அத எப்டியும் வாசல்லயே கழட்டிடுவாரு இல்ல?"

"ஆமாம்மா. உள்ள சாக்ஸோடதான் போவாரு. அது புதுசுதானே."

"அப்ப ஏன்டி எனக்கு இன்னும் படபடன்னு வருது?"

பிரியா சிரித்துக்கொண்டே மெஷினைக் கழற்றினாள். லோகாம்பாள் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டில் மீதியிருந்த ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.