ஜன்னலில் ஒட்டிய டேப்

இரண்டு வாரமாக இஸ்திரிக்கடைக்காரிக்கு திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்தது, தலை கிர்ரென்று சுற்றியது. ஆளாளுக்கு வைத்தியரானார்கள். புருஷன் காபியைக் குறை என்றான். மாமியார், "நேரத்துக்குத் தின்னாத்தானே!" என்று நொடித்தாள். போதுமடா சாமி என்று, இன்று காலை கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

டாக்டரம்மா ஈசிஜி காகிதத்தைப் புரட்டினார். "இதயம் நல்லா இருக்கு. ரத்தமும் குறைவில்ல. கடை லீவு அன்னைக்கு இப்படி வருதாம்மா?"

வந்ததேயில்லை. அதை அவள் இப்போதுதான் யோசித்தாள்.

"கடையில என்ன இஸ்திரிப்பெட்டி?"

"கரிப்பெட்டிதான் டாக்டர். ரெண்டு பெட்டி. பக்கத்துலயே ஒரு சட்டி நிறைய கங்கு."

"ஜன்னல் இருக்கா?"

"ரோட்டுப் புழுதி வெள்ளைத் துணியில படியுதேன்னு சுத்தியும் டேப் ஒட்டிட்டேன். ரெண்டு வாரமாச்சு, ஒரு சட்டையில பொட்டு அழுக்கு இல்ல." பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "கரி எரிஞ்சா ஒரு விஷவாயு வரும்மா. வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. அடைச்ச அறைன்னா ஆளையே சாய்ச்சிடும். இப்ப அங்க யாரு இருக்கா?"

அவள் தங்கைக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கதவையாவது திறந்து வைக்கட்டுமாக்கா?" என்று காலையில் தங்கை கேட்டிருந்தாள்.

"புழுதி வரும்டி, சாத்து" என்று அதட்டிவிட்டு வந்தவள் இவள்தான்.