காலர் காயும் வரை

எங்கள் ஹவுசிங் போர்டு வீடுகளில் துணியை வீட்டுக்குள் காயப்போட்டால், அதை உடுத்தியிருந்த நாள் ஒரு தடவை திரும்ப நடக்கும். உடுத்தியிருந்தவர் மட்டும் வருவார். ஈரம் இருக்கிற வரைக்கும் கூடத்தில் நடமாடுவார், காய்ந்ததும் போய்விடுவார். அதனால் எங்கள் பிளாக்கில் யாரும் மொட்டைமாடியில் காயப்போடுவதில்லை. அங்கே போட்டால் நாள் காற்றோடு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அவர்களுக்கும் தொந்தரவு.

நான் அஞ்சாவதோடு நின்றவள். மகள் மதியின் சீருடையைக் கொடிக்கயிற்றில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்தால், இன்னொரு மதி பாய்மேல் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லும். எங்கள் மதி அதற்குத் தப்பு திருத்தும். சட்டை காய்ந்தால்தான் சண்டை ஓயும். கேட்டுக் கேட்டு எனக்கும் ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது.

வெயில் காலத்தில் ஒரு நாள் அரை மணியில் ஓடிவிடும். முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. ஐப்பசி மழையில்தான் நிதானமாக நடக்கும். அதனால் நல்ல நாளில் உடுத்தியதைத் துவைக்காமல் மழைக்கு எடுத்து வைப்போம். மூன்றாம் மாடி கோகிலாக்கா தன் தம்பி கல்யாணத்துக்குக் கட்டின புடவையை நாலு வருஷமாகத் தண்ணீரில் நனைக்கவில்லை.

என்னிடம் ஒரு கட்டம் போட்ட சட்டை இருந்தது. வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போன அன்றைக்குப் போட்டிருந்தது. கார் வந்ததும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டார். கழற்றுவதற்கு முன்னால், "ஏதாவது சொல்லணும்னா சொல்லு" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். இருந்தது. வாய்தான் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ரெண்டு வருஷம் துவைக்காமல் வைத்திருந்தேன். இந்த ஐப்பசியில் காலரில் கறுப்பாகப் பூஞ்சை விழுந்தது. இனிமேலும் வைத்தால் இற்றுப்போகும். சோப்பு போட்டு அலசினேன். பிழியவில்லை.

முதல் நாள் அவர் பல் விளக்கினார். தரையில் உட்கார்ந்து, யாரும் இல்லாத மடிக்கு இட்லி ஊட்டினார். மதி ஓடிப்போய் அந்த மடியில் உட்கார்ந்து, "கால் தரையில இடிக்குதும்மா" என்றது. ரெண்டாம் நாள் பெட்டி கட்டினார். ஊறுகாய் பாட்டிலை லுங்கியில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். அன்றைக்கு அவர் அப்படிச் செய்ததை நான் கவனிக்கவே இல்லை. மூன்றாம் நாள் சட்டை காய்ந்து, காலரும் பாக்கெட்டும் மட்டும் ஈரமாக இருந்தன.

அப்போதுதான் அண்ணி வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. பின்னாலேயே ஆட்டோக்காரர் துணி காயவைக்கிற ஒரு வெள்ளை மெஷினைத் தூக்கி வந்து வைத்தார்.

"மழையில அல்லாடாத அஞ்சலை. இதுல போட்டா நாப்பது நிமிஷம். மொடமொடன்னு வரும்" என்றார் அண்ணி. தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நல்லாத்தான்டா இருந்த புருசோத்து. இப்ப போன்ல பாத்தா தொப்பைதான் மொதல்ல தெரியுது." பிளக்கைச் சொருகிவிட்டு, கொடியில் இருந்த சட்டைக்குக் கையை நீட்டினார்.

மெஷினில் நாள் நடக்காது. சுற்றும், அவ்வளவுதான்.

"அண்ணி, அதத் தொடாதீங்க."

அவர் கை நின்றது. "அட, இவளுக்கு வாய் இருக்கா! பத்து வருஷமா தலையத்தான ஆட்டிக்கிட்டிருந்த?"

"இன்னும் ஒரு பேச்சு பாக்கி இருக்கு அண்ணி."

"பேசிக்கோ தாயே. எனக்கென்ன" என்று மதியை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

வீட்டுக்காரர் சட்டைப் பட்டனில் கை வைத்தார். அடுப்படி வாசலைப் பார்த்தார். அன்றைக்கு நான் நின்ற இடம். போய் நின்றேன்.

"ஏதாவது சொல்லணும்னா சொல்லு" என்றார்.

துணியில் வருகிறவர்களோடு பேசக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பேசுகிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான். கொடிப்பக்கம் கையை எட்டிக் காலரைத் தொட்டேன். ஓரத்தில் ஒரு விரல் அளவு ஈரம் இருந்தது.

"போகாதீங்க" என்றேன்.

அவர் பட்டனிலிருந்து கையை எடுத்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சாயங்காலத்துக்குள் சட்டை முழுக்கக் காய்ந்துவிட்டது. மடித்து அலமாரியில் வைத்தேன். அவர் மதியோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவருக்கு ரெண்டு தோசை கூட வார்த்துப் போட்டார்.

ஏழு மணிக்கு மஸ்கட்டிலிருந்து வழக்கம்போல் போன் வந்தது.

"யாரு அங்க, ஆம்பளக் குரல் கேக்குது?" என்றார்.

"நீங்கதான். போகலை."

"சரி. கேஸ் சிலிண்டர் மாட்டறதுக்கு இனிமே பக்கத்து வீட்டுல கேக்காத, அவனையே மாட்டச் சொல்லு. என் பழைய செருப்பு பரண்மேல இருக்கு, எடுத்துக் குடு. அவனுக்குச் சரியா இருக்கும்" என்றார்.