முன்னாடியே ஒரு போன்

வேலைப் பயிற்சிக்குப் போன பிள்ளைகளைப் பார்க்க ஆசிரியர் வருவதை முந்தின நாளே தொழிற்சாலைக்கு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். அன்சான் நகரத்திலிருந்த அந்தத் தொழிற்பள்ளியில் அதற்கு மரியாதை என்று பெயர். மா யொன்சு டீச்சருக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். கேட்டால், "திடுதிப்புனு போய் நின்னா அடுத்த வருஷம் ஒரு பிள்ளையையும் எடுக்க மாட்டாங்க டீச்சர்" என்று துணை முதல்வர் வாயை அடைத்துவிடுவார். இந்த முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டாள்.

தகடு வெட்டும் பட்டறை பளிச்சென்று இருந்தது. மேனேஜர் காகிதக் கோப்பையில் காபி கலக்கிக் கொடுத்து, "உங்க பொண்ணு தங்கம் டீச்சர்" என்றார். அங்கே பயிற்சிக்குப் போயிருந்த மாணவி யேரின் புதுக் கையுறை போட்டுக்கொண்டு இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். கத்திக்கு அடியில் கை போகாதபடி மஞ்சள் தடுப்பு மாட்டியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுவே டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.

வழியனுப்ப வாசல்வரை வந்த யேரின், "டீச்சர், நாளைக்கும் வர்றீங்களா?" என்றாள்.

"எதுக்குடி? எனக்கு வேற வேலை இல்லையா?"

"வர வேணாம் டீச்சர். வர்றேன்னு போன் மட்டும் பண்ணுங்க. தடுப்பு இருந்தா வேலை ஓடலைன்னு கழட்டியே வெச்சிருப்பாங்க. நேத்து உங்க போன் வந்தப்புறம்தான் மாட்டினாங்க."

டீச்சர் பட்டறைப் பக்கம் திரும்பினாள்.

"போன் எல்லாம் பண்ண மாட்டேன். போய் உன் பையை எடுத்துட்டு வா."