டீக்கறை இல்லாத முதல் பதிப்பு

தோழி பிரையனி, தூங்கிவிட்டாயா? கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கீழே கிளைவ் அம்மாவிடம் கத்திக்கொண்டிருக்கிறான்.

அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட இந்த மனிதனுக்கு நாவல்களின் முதல் பதிப்பை விற்பதுதான் தொழில். படிப்பான் என்று நினைக்காதே. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் எந்தப் பதிப்பு என்று பார்ப்பான், மேலுறையின் மூலையில் அச்சிட்ட விலை வெட்டப்படாமல் இருக்கிறதா என்று தடவுவான் (வெட்டியிருந்தால் மதிப்புக் குறைவாம்), மூடிவிடுவான். அவனிடம் வாங்குகிறவர்களும் அதே ரகம். பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் நிறுத்திவிட்டு, தொட்டால் கைரேகை படுமே என்று பயந்து சாகிற கூட்டம்.

போன வாரம் சமையலறையில் அவன் ஒரு நாவலை விரித்துவைத்து பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான். அட்டையில் கலங்கரை விளக்கம். உள்ளே 'முதல் வெளியீடு' என்பதற்குக் கீழே 'மறு அச்சு' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி போய்விட்டால் முதல் பதிப்பு ஆகிவிடுமாம்!

"இது உங்கப்பா புத்தகம். வெளிவந்த வாரமே வாங்கினாரு. சந்தைல யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"பொய்தானே?"

"செத்தவரு வந்து இல்லேன்னா சொல்லப்போறாரு? சொல்ல மாட்டேன்னா, நீயும் உங்கம்மாவும் எங்க போய்ப் படுக்கிறதுன்னு யோசிச்சுக்கோ."

இன்று யார்க் நகரத்துப் புத்தகச் சந்தையில் லாங்ஸ்டாஃப் என்ற வியாபாரி அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுரண்டிய இடம் மெலிந்து பளிச்சென்று தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சிரித்தார்.

"உங்கப்பா புத்தகமாம்மா இது?"

என் தோளில் கிளைவின் விரல்கள் அழுந்தின.

"நீங்கதான் பாத்துட்டீங்களே, சார்."

"நான் என்னத்தப் பாத்தேன்? எனக்குக் கண்ணு சரியில்ல. நாளைக்கு இத இன்னொருத்தர் தலைல கட்டும்போது ஒரு கதை வேணும்ல? 'பொண்ணு வாயாலேயே சொன்னா'ன்னா போதும்."

கிளைவின் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டேன்.

"எங்கப்பா டீ சிந்தாம ஒரு புத்தகம்கூடப் படிச்சதில்ல," என்று கத்திவிட்டேன். "இதுல ஒரு கறைகூட இல்ல. இது அவரோடது இல்ல!"

பக்கத்துக் கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னப்பா கிளைவ், பிளேடு மொக்கையாயிடுச்சா?"

லாங்ஸ்டாஃப் புத்தகத்தை வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப யோக்கியர் பார்!

திரும்பி வரும்போது காரில் கிளைவ் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அடுத்த சந்தைக்கு நீ வர வேணாம். உங்கப்பா கதைய நானே சொல்லிக்கிறேன்."

அதனால்தான் அவன் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். ஒரு பெரிய கோப்பை நிறைய டீயும் கொண்டுவந்தேன். தலைப்புப் பக்கத்தில் கொஞ்சம், அட்டையில் தாராளமாக. பிறகு உட்கார்ந்து, மிச்சத்தைச் சிந்திக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். நல்ல நாவல், பிரையனி. கிளைவுக்கு அது தெரியவே தெரியாது.

இனி யாரும் இதை வாங்க மாட்டார்கள். இப்போதுதான் அப்பாவின் புத்தகம் மாதிரி இருக்கிறது.

கீழே கத்தல் நின்றுவிட்டது. அவன் படியேறி வருகிறான். நான் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறேன்.